ஆக்டோபஸ் வரைந்தால் டிப்ரெஷனா?

மறுபடியும் ஒரு அம்மா, மகள் வரைந்த படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் கிளினிக்குக்கு வந்தார். ஒன்பதாம் வகுப்புப் பெண். வானம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கடல், ஜன்னல் வைத்த திமிங்கிலம், மூன்று கடிகாரங்களைச் சுற்றிப் பிடித்த ஆக்டோபஸ். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) "கறுப்புக் கடல் டிப்ரெஷன், ஆக்டோபஸ் அடக்கி வைத்த பயம்" என்று யூடியூப் பார்த்த உறவினர் ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டார். பெயிண்ட் பெட்டி பீரோவுக்குள் போய்விட்டது.

"இதைப் பத்திக் கொஞ்சம் சொல்லேன்" என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "ஆக்டோபஸுக்கு மூணு இதயம் மேடம், அதான் மூணு கடிகாரம்." கறுப்பு? நீலம் தீர்ந்துபோச்சாம்.

சுறா என்றால் கோபம், மீன் என்றால் ஆசை என்று பொருள் சொல்லும் பட்டியல் எதுவும் மனநலத் துறையில் கிடையாது. இருப்பதாகச் சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். பெல்ஜிய ஓவியர் ரெனே மாக்ரித் 1934-ல் ஒரு படம் வரைந்தார்: இடுப்புவரை மீன், கீழே பெண்ணின் கால்கள், அலையோரம் கிடக்கிறது. அவருடைய 13 வயதில் அம்மா ஆற்றில் மூழ்கி இறந்தது உண்மை. அதை வைத்து அவர் படங்களுக்கு விளக்கம் எழுதியவர்கள் ஏராளம். அந்த மாதிரி விளக்கங்கள் அவருக்கே பிடிக்காது. ஸ்பெயின் ஓவியர் சால்வடோர் டாலியின் படங்களில் வரும் விசித்திர உருவங்கள் பலவற்றுக்கு மூலம், அவர் சிறுவயதில் விடுமுறைகளைக் கழித்த கத்தலோனியக் கடற்கரைப் பாறைகள். ஆழ்மனம் என்று நாம் நினைப்பது சில நேரம் ஊர்ப் பாறையாக இருக்கும்.

"ரோர்ஷாக் டெஸ்ட் இருக்கே மேடம்?" இதுவும் தவறாமல் வரும் கேள்வி. 1921-ல் வெளியான அந்தச் சோதனையில் 10 மைத்தட அட்டைகளைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். ஒருவர் வரைந்த படத்துக்குப் பலன் சொல்வதில்லை அது. பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டும். அதை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்கவும் கூடாது. எங்களுக்குள்ளேயே அதைப் பற்றிய சண்டை ஓயவில்லை, அது தனிக் கதை.

சரி, எதைக் கவனிக்க வேண்டும்? தூக்கம், சாப்பாடு. பள்ளிக்குப் போக மறுப்பது, நண்பர்களை ஒதுக்குவது. பிடித்ததை எல்லாம் திடீரென விட்டுவிடுவது. படத்தில் ரத்தமோ சாவோ திரும்பத் திரும்ப வந்தால் பதறாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "ஏன் இப்படி வரைஞ்சே?" என்று விசாரணை வேண்டாம், பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். சாக வேண்டும் என்று சொன்னாலோ, உடம்பில் கீறல்கள் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.

தயவுசெய்து படத்தை போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.