பச்சிளங்குழந்தையின் தலையை உருட்டிவிடலாமா?

"குழந்தையின் தலை சுரைக்காய் மாதிரி நீண்டிருக்கிறதே, டாக்டர்?" பிறந்த முதல் வாரத்தில் பரிசோதனைக்கு வருகிற பெற்றோர் பலர், பால் போதுமா என்று கேட்பதற்கு முன்பே இதைத்தான் கேட்கிறார்கள். கூட வந்த பாட்டி அதற்குள் தீர்ப்பே சொல்லியிருப்பார்: நாற்பது நாள் எண்ணெய் தேய்த்து உருட்டிவிட்டால் சரியாகிவிடும். நாற்பது நாளில் தலை பெரும்பாலும் சரியாகத்தான் செய்கிறது. ஆனால் சரிசெய்தது பாட்டியின் உள்ளங்கை அல்ல.

பிறக்கும்போது மண்டையோடு ஒரே எலும்பாக இருப்பதில்லை. நெற்றியில் இரண்டு, உச்சியின் இருபுறமும் இரண்டு, பின்னால் ஒன்று எனத் தனித்தனித் தகடுகள். அவற்றுக்கு நடுவே நார்த்திசு இணைப்புகள். பிரசவப் பாதையில் நெருக்குண்டு வரும்போது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறிக்கொள்ள, தலை நீண்டுவிடுகிறது. வலி எடுப்பதற்கு முன்பே சிசேரியனில் பிறந்த குழந்தைக்கு இந்த நெருக்கடி இல்லை. அதன் தலை முதல் நாளே ஓரளவு உருண்டையாக இருப்பதற்கு அதுதான் காரணம். மற்றக் குழந்தைகளுக்குச் சில நாட்களில் தகடுகள் தாமாகவே இடத்துக்கு வந்துவிடும்.

அதற்குப் பிறகு தலைக்கு உருவம் கொடுப்பது உள்ளே வளரும் மூளை. பிறக்கும்போது ஏறத்தாழ 350 கிராம் இருக்கும் மூளை, பெரியவர்களிடம் 1,300 கிராமைத் தாண்டுகிறது. இந்த வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். முதல் மூன்று மாதங்களில் தலைச்சுற்றளவு மாதத்துக்குச் சுமார் 2 செ.மீ. கூடுகிறது.

உருண்டைத் தலை மனித குலத்துக்கே பிந்தி வந்த சொத்து. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த, நம் இனத்தின் ஆதி மனிதரின் மண்டையோடுகள் சுமார் 3 லட்சம் ஆண்டுப் பழைமையானவை. முகம் கிட்டத்தட்ட நம் முகம், மூளைப்பெட்டியோ நீண்டு தாழ்ந்தது. நமக்கு நெருங்கிய, அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தால் மனிதரின் மூளை அளவில் நம்முடையதற்குக் குறைந்ததல்ல. அவர்களுடைய மண்டையும் நீளவாக்கில்தான் இருந்தது. பிறக்கும்போது அவர்கள் குழந்தைக்கும் நம் குழந்தைக்கும் மண்டை சற்று நீள்வாக்கில்தான் இருக்கிறது. நம் குழந்தைக்கு மட்டும் முதல் ஓராண்டில், மூளையின் பக்கப் பகுதியும் சிறுமூளையும் உப்பி வளர, தலை உருண்டையாகிறது. புதைபடிவங்களைப் பார்த்தால், இன்றைய வடிவம் சுமார் 1 லட்சம் முதல் 35 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில்தான் நிலைபெற்றிருக்கிறது.

தலையின் வடிவத்தை வைத்து ஆளின் தரத்தை எடைபோடுவது வேறு கதை. நூறாண்டுகளுக்கு முன் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், சாதிவாரியாகத் தலையையும் மூக்கையும் அளந்து ஏடுகளை நிரப்பினார். அந்த எண்களால் யாருடைய அறிவையும் அளக்க முடியாது. ஐன்ஸ்டைனின் மூளை 1,230 கிராம்தான், சராசரிக்கும் கீழே. "தலை பெரிது, கலெக்டர் ஆவான்" என்ற ஆசீர்வாதத்தை மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது மாதத்தில் வருகிற புகார், பின்மண்டை ஒருபக்கம் தட்டையாகிவிட்டது என்பது. எப்போதும் மல்லாக்கப் படுப்பதால் வருவது இது. ஆனால் மல்லாக்கப் படுக்க வைப்பது தூக்கத்தில் நேரும் திடீர் மரண அபாயத்தைக் குறைக்கிறது என்று உறுதியானதால் அந்தப் பழக்கத்தைக் கைவிட முடியாது. அதற்காகக் கடுகுத் தலையணையோ, நடுவில் குழி வைத்துத் தைத்த தலையணையோ வாங்க வேண்டாம். ஒரு வயது வரை எந்தத் தலையணையும் மூச்சுக்கு ஆபத்து. விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்துகொண்டு குப்புறப் போடுங்கள். எப்போதும் ஒரே பக்கம்தான் திரும்புகிறது என்றால் கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். அதற்கு எளிய பயிற்சிகள் உண்டு. பெரும்பாலான தட்டைத் தலைகளுக்கு, வடிவத்தைத் திருத்த மாட்டும் தலைக்கவசமும் தேவையில்லை: 2014-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், கவசம் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இரண்டு வயதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நான் கவலைப்படுவது வேறொரு தலையைப் பற்றி. தகடுகளுக்கிடையேயான இணைப்பு உரிய காலத்துக்கு முன்பே எலும்பாகி மூடிக்கொள்வது, சுமார் 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு நேர்கிறது. உச்சியில் முன்பின்னாக ஓடும் இணைப்பு மூடுவதுதான் அதில் அதிகம். தலை அகலத்தில் வளர வழியின்றி முன்னும் பின்னும் நீள்கிறது. பிரசவத்தில் நீண்ட தலை வாரத்துக்கு வாரம் சரியாகும். இது வாரத்துக்கு வாரம் கூடும். விரலால் தடவினால் இணைப்பின்மேல் வரப்பு மாதிரி மேடு தட்டுப்படும். ஒருபக்கத் தட்டையில், குழந்தையை மடியில் உட்கார வைத்து உச்சியிலிருந்து பாருங்கள்: படுக்கையால் வந்ததென்றால் தட்டையான பக்கத்துக் காது முன்னே நகர்ந்திருக்கும். காது பின்னே இழுபட்டிருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதற்கு நான் எதிரி அல்ல. உச்சிக்குழியின் மேல் உறுதியான சவ்வு இருக்கிறது. மெல்லத் தடவினால் ஒன்றும் ஆகாது, எண்ணெயும் மூளைக்குள் இறங்காது. இரண்டு கையாலும் நெற்றியையும் பின்மண்டையையும் சேர்த்து அழுத்துவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். மூடிய இணைப்பு எந்த அழுத்தத்துக்கும் திறக்காது.

தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் தலைச்சுற்றளவை அளந்து அட்டையில் எழுதச் சொல்லுங்கள். புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, பின்மண்டை மிகவும் துருத்திய இடத்தைச் சுற்றி நாடாவைப் பிடிக்க வேண்டும். உச்சி இணைப்பு மூடியிருந்தால், சிறு கீறல் வழியாகச் செய்யும் அறுவைச் சிகிச்சை முதல் மூன்று நான்கு மாதங்களுக்குள்தான் எளிது. ஒரு வயது ஆகட்டும் என்று காத்திருந்து வருகிறவர்களுக்கு, மண்டையைத் திறந்து செய்யும் பெரிய அறுவைதான் மிஞ்சுகிறது.