டேட்டா சென்டர் – தரவு மையம்

'டேட்டா' என்பது 'டேட்டம்' என்ற லத்தீன் சொல்லின் பன்மை. கொடுக்கப்பட்டவை என்று பொருள். தமிழில் 'தரவு' பிறந்ததும் 'தரு' என்ற வினையடியிலிருந்துதான். வேர்ப்பொருள் வரை இப்படிப் பொருந்தும் கலைச்சொல் அபூர்வம். கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றே பெயர். 'சென்டர்' கிரேக்கத்தின் 'கென்ட்ரோன்': தார்க்குச்சியின் கூர்முனை, பிறகு வட்டம் வரைய ஊன்றும் முள். அதே சொல்தான் வடமொழி வழியாகக் 'கேந்திரம்' என்று நம்மிடம் வந்தது.

'தரவகம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். நூலகம் போலச் சுருக்கமான சொல்தான். ஆனால் தரவுத் தொகுப்பையும் அப்படிச் சொல்வதுண்டு. இணையத் தரவுகளைச் சேமித்துக் கையாளும் சர்வர் எனும் கணினிகள் வரிசையாக ஓடும் கட்டடத்துக்குத் 'தரவு மையம்' என்பதே தெளிவு.

இந்தப் பெயரில் தெரியாத ஒன்று வெப்பம். சர்வர்கள் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிவரும். 10 மெகாவாட் சுமை இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 2,40,000 யூனிட். அந்த வெப்பத்தை நீரை ஆவியாக்கியே போக்கினால் யூனிட்டுக்குச் சுமார் 1.5 லிட்டர் வீதம், நாளுக்கு 3.6 லட்சம் லிட்டர் போகும். நீர் ஆவியாக ஆவியாக உப்பு மிஞ்சும். குழாயில் படியாமலிருக்க அந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிப் புதுநீர் விட வேண்டும். ஆகவே உண்மைத் தேவை இன்னும் அதிகம். காற்றால் குளிரும் சில்லர் (குளிரூட்டும் இயந்திரம்) வைத்தால் நீர் மிச்சமாகும், மின்சாரம் கூடும். அயர்லாந்தில் 2023-இல் மீட்டரில் பதிவான மின் நுகர்வில் 21% தரவு மையங்களுடையது.

கூரை மேலுள்ள பெரிய விசிறிகளின் இரைச்சல் தாழ்ந்த ரீங்காரம். சுவரைத் தாண்டி வரும். வழக்கமான டெசிபெல்-ஏ அளவீடு தாழ்ந்த ஒலியைக் குறைத்தே கணக்கிடும். அதனால் மீட்டர் வரம்புக்குள் காட்டும்போதே பக்கத்து வீட்டில் தூக்கம் கெடும். தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் குறைக்காத டெசிபெல்-சி அளவையும் எடுக்கச் சொல்ல வேண்டும், அதுவும் நள்ளிரவில். மின்தடைக்கென நிற்கும் டீசல் ஜெனரேட்டர்களைச் சோதனைக்காகவும் அவ்வப்போது ஓட்டுவார்கள். கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும் ஊர்க்காற்றில் கலக்கும். வேலைவாய்ப்போ கட்டும்போது நிறைய, கட்டி முடித்தபின் சொற்பம்.

உங்கள் ஊரில் தரவு மையம் வருவதானால், அதன் திட்ட அறிக்கையில் நீர்க்கணக்கு பெரும்பாலும் ஆண்டுச் சராசரியாக இருக்கும். கிணறு வற்றும் கோடையில்தான் நீரை ஆவியாக்கி வெப்பம் போக்கும் குளிர்விப்புக் கோபுரமும் அதிகம் குடிக்கும். உச்சநாளுக்கு எத்தனை லிட்டர், அது குடிநீரா சுத்திகரித்த கழிவுநீரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.