கடைநிலை எழுத்தரின் கையில் ஒரு நாட்டின் இரகசியம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்தியர்கள் மிகுந்த சாட்ஸ்வர்த்தில் இருக்கும் என் மாமா மின்கட்டணச் சீட்டைக்கூட மேசைமேல் குப்புறத்தான் வைப்பார். யாராவது அறைக்குள் நுழைந்தால், எழுதிக்கொண்டிருக்கும் தாளின்மேல் அவர் கை தானாகப் போய் மூடிக்கொள்ளும். எழுபது வயதைத் தாண்டிவிட்டார். அவர் ஓய்வு பெற்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அவர் தளபதியும் அல்லர், உளவாளியும் அல்லர். சாதாரண எழுத்தர். 1970களில் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில், இந்திய வம்சாவளி இளைஞர்களுக்கென்று தென்னாப்பிரிக்கக் கடற்படை ஒரு பயிற்சிப் பிரிவைத் தொடங்கியது. ‘ஜல்சேனா’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வெள்ளைக்கார இளைஞர்களைப் போல நம்மவர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை கிடையாது, விரும்பினால் சேரலாம். மாமா விரும்பியது மாதச் சம்பளத்தை. நிறவெறி அரசின் சீருடையை மாட்டிக்கொண்டவன் என்று உறவினர் சிலர் அவர் திருமணத்துக்கே வரவில்லை. பயிற்சி முடிந்ததும் வேறோர் அலுவலகத்தில் கோப்பு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த அலுவலகம் என்று இன்றுவரை சொன்னதில்லை.

ஒரு தைப்பூசத்தன்று காவடி பார்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்: “மாமா, உங்கள் அதிகாரிக்குத் தெரிந்ததில் உங்களுக்கு எவ்வளவு தெரியும்?”

“அவருக்குத் தெரிந்தது முழுவதும் தெரியும் தம்பி. தெரியாததும் தெரியும். அவர் தனக்கு வந்ததைப் படித்தார். நான் எல்லாருக்கும் வந்ததை அடுக்கினேன்.”

ராணுவ இரகசியங்கள் ஏன் கசிகின்றன என்று கேட்பவர்கள் வழக்கமாகத் துரோகம், பணம், எதிரி நாடு என்று தொடங்குவார்கள். நான் அந்தக் கோப்பு அறையிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு தாள் எப்போது இரகசியமாகிறது? எழுதியவர் அதன் தலையில் ஒரு சொல்லைப் பதிக்கும்போது. 1996இல் தென்னாப்பிரிக்க அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தகவல் பாதுகாப்பு நெறிமுறைகள் நான்கு படிகளைச் சொல்கின்றன. வெளியே போனால் வேலைக்கு இடைஞ்சல் என்றால் வரம்புக்குட்பட்டது. கேடு விளையும் என்றால் அந்தரங்கம். நிறுவனத்தின் செயல்பாட்டைக் குலைத்துவிடும் என்றால் இரகசியம். அரசையே செயலிழக்கச் செய்யும் என்றால் அதி இரகசியம். இடைஞ்சல் எங்கே முடிகிறது, கேடு எங்கே தொடங்குகிறது என்பதை முத்திரைக் கட்டையைப் பிடித்திருப்பவரின் அன்றைய மனநிலைதான் முடிவுசெய்யும் என்பார் மாமா.

முத்திரை விழுந்ததும் தாளுக்கு எண் கிடைக்கிறது. எத்தனை நகல்களில் இது எத்தனையாவது என்பதும் எழுதப்படும். பதிவேட்டில் ஒரு வரி ஏறும்: எப்போது வந்தது, யார் வாங்கினார், யாருக்குப் போனது. கரும்புத் தோட்டங்களுக்கு நம் முன்னோரைக் கப்பலில் ஏற்றி வந்தபோது ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போட்டு, ஊர், உயரம், உடலில் உள்ள தழும்புவரை பதிவேட்டில் எழுதினார்களே, அதே காலனியாட்சி எழுத்தர் மரபு இது. ஆளானாலும் தாளானாலும், எண் போட்டால்தான் காணாமல் போனதும் தெரியும்.

வெளியே அனுப்பும்போது இரண்டு உறைகள். உள்ளுறையின் மேல் இரகசிய முத்திரை இருக்கும். வெளியுறையின் மேல் முகவரி மட்டும். பார்ப்பவர் கண்ணுக்கு அது இன்னொரு கடிதம், அவ்வளவுதான். உள்ளே ஒரு ரசீது. பெற்றவர் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். மாலையில் பெட்டகத்தைப் பூட்டியவர் நேரத்தை எழுதிக் கையொப்பமிடுவார். மிக உயர்ந்த படியில் உள்ளவற்றையும், செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றப் பயன்படும் மறையீட்டுச் சாவிகளையும் பல நாட்டுப் படைகளில் ஒருவர் தனியாகத் தொடவே கூடாது. இருவர் சேர்ந்துதான் திறக்க வேண்டும். காலம் முடிந்த தாள்களைப் பையில் கட்டி எரிக்க வேண்டும், அல்லது இயந்திரத்தில் துகளாக்க வேண்டும். அதற்கும் சாட்சிக் கையொப்பம் உண்டு.

இதற்கெல்லாம் மேல் ஒரு விதி. இரகசியத் தாள்களைப் பார்க்கலாம் என்ற தகுதிச் சான்று இருப்பதாலேயே எதையும் பார்த்துவிட முடியாது. அந்த வேலைக்கு அது தேவை என்றால்தான் பார்க்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன வேலைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தட்டச்சு, நகல், பதிவு, உறை, பெட்டகம், எரிப்பு. இவற்றில் எதை ஒரு ஜெனரல் செய்கிறார்? ஒன்றைக்கூட இல்லை. பதவி ஏற ஏறத் தாளைத் தொடும் வேலை குறைந்துகொண்டே போகிறது. காகிதம் கணினிக்கு மாறிய பிறகு இது இன்னும் மோசமானது. கோப்பு அறை எழுத்தரின் நாற்காலியில் இப்போது கணினிப் பராமரிப்பாளர் இருக்கிறார். வலையமைப்பைப் பழுதுபார்க்க வேண்டுமானால் வலையமைப்புக்குள் போயே ஆக வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் விமானத் தேசியக் காவல்படையில் இருந்த ஜாக் டெய்ஷேராவின் வேலை அதுதான். இரகசியங்களைக் கசியவிட்டதற்காக 2023 ஏப்ரலில் கைதானபோது அவருக்கு வயது 21; படிநிலையில் கிட்டத்தட்ட அடிமட்டம். உக்ரைன் போர் பற்றிய அதி இரகசிய அறிக்கைகள்வரை அவர் திரையில் வந்தன.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். இரகசியமும் அப்படித்தான். முதல் வாரம் ‘இரகசியம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கும். ஆறாம் மாதம் அது தாளின் மூலையில் ஒரு கறை. இரண்டாம் உலகப் போரில் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏன் எதிரியின் தடங்களைத் தவறவிடுகிறார்கள் என்று ஆராய, பிரிட்டனில் நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். கடிகார முள் போன்ற ஒன்று துள்ளித் துள்ளி நகரும்; எப்போதாவது ஒருமுறை இரட்டைத் துள்ளல் துள்ளும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் இதே வேலை. 1948இல் வெளியான முடிவுகளின்படி, முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் சரியத் தொடங்கிவிடுகிறது. அக்கறையின்மை இதற்குக் காரணமில்லை. அரிதாக நடப்பதற்காகக் காத்திருக்கும்படி நம் மூளை அமையவில்லை. கசிவும் அரிதான நிகழ்ச்சி. அதற்காகக் காத்திருப்பவரின் காவல் வேலை இருபது ஆண்டுகள் நீள்கிறது.

மேலதிகாரிகளும் இந்தப் புளிப்புக்கு உறை ஊற்றுகிறார்கள். குறைவான முத்திரை போட்டு மாட்டிக்கொண்டால் தண்டனை. அதிகமாகப் போட்டால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. ஆகவே எல்லாவற்றிலும் முத்திரை விழுகிறது. மாமா அலுவலகத்தில் ஒருமுறை கிறிஸ்துமஸ் விருந்துக்கான ஆட்டிறைச்சிக் கணக்கு ‘அந்தரங்கம்’ என்ற முத்திரையோடு வந்ததாம். அன்றிலிருந்து அந்த அறையில் அந்த முத்திரைக்கு ஆட்டிறைச்சி என்றே பெயர். “ஆட்டிறைச்சி ரெண்டு, மேசைமேல் இருக்கிறது” என்பார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஒரு பாதுகாப்பு முறை செத்துப்போவது இப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது.

எரிக்கும் பைக்கு வருவோம். ஜான் வாக்கர் அமெரிக்கக் கடற்படையில் வாரண்ட் அதிகாரி. மறையீட்டு இயந்திரங்களின் சாவிப் பட்டியல்கள் அவர் கையில் இருந்தன. 1960களின் கடைசியில் வாஷிங்டன் சோவியத் தூதரகத்துக்குள் தாமே நடந்துபோய் விலை பேசியவர், 1985 வரை விற்றுக்கொண்டிருந்தார். அண்ணனையும் ஒரு நண்பரையும் மகனையும் அதே தொழிலில் இறக்கிவிட்டார். மகன் மைக்கேல் ‘நிமிட்ஸ்’ விமானந்தாங்கிக் கப்பலில் எழுத்தர். எரிப்பதற்கென்று பையில் போட்ட தாள்களைத்தான் அவர் எடுத்து ஒளித்துவைத்தார். எரிக்கப்பட வேண்டிய தாளைப் பிறகு யார் தேடப்போகிறார்கள்? வாக்கரைக் காட்டிக்கொடுத்தவர் அவரை விவாகரத்து செய்த மனைவி. மகனும் அதில் இருக்கிறான் என்பது அந்தத் தாய்க்கு அப்போது தெரியாது.

வாக்கருக்குப் பணம். செல்சி மேனிங்குக்கு மனசாட்சி. 2010இல் ஈராக்கில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய கீழ்நிலை உளவுப் பகுப்பாய்வாளரான அவர், பாட்டு வட்டு என்ற பாவனையில் கொண்டுவந்த குறுந்தகட்டில் கோப்புகளை ஏற்றிக்கொண்டு போனார்; ஏறத்தாழ ஏழரை லட்சம் ஆவணங்கள். 35 ஆண்டுச் சிறைத் தண்டனை 2017இல் குறைக்கப்பட்டு வெளியே வந்தார். டெய்ஷேராவுக்கு இந்த இரண்டும் இல்லை. இணைய அரட்டைக் குழு ஒன்றில் இருந்த சில இளைஞர்களிடம் தான் பெரிய ஆள் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். முதலில் தட்டச்சு செய்து போட்டார்; பிறகு அச்சிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படமெடுத்துப் போட்டார். 2024 நவம்பரில் 15 ஆண்டுச் சிறை. என்னை மிகவும் உறுத்தியது வேறொன்று. தேவையில்லாததை அவர் படிக்கிறார், குறிப்பெடுக்கிறார் என்பதை உடன் பணியாற்றியவர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். மேலே சொல்ல வேண்டியவர்கள் முழுமையாகச் சொல்லவில்லை. பின்னர் 15 பேர்மீது விமானப்படை ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. பக்கத்து மேசைக்காரனைப் பற்றி எழுதிக்கொடுக்க யாருக்கு மனம் வரும்?

பெருமை என்ற காரணத்தை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். 2021இல் ‘வார் தண்டர்’ என்ற கணினி விளையாட்டில் பிரிட்டனின் சேலஞ்சர் 2 டாங்கி சரியாக வடிவமைக்கப்படவில்லை என்று வாதாடிய ஒருவர், தன் பக்க நியாயத்தை நிறுவுவதற்காக உண்மையான டாங்கியின் கையேட்டுப் பக்கங்களையே எடுத்து வெளியிட்டார். விளையாட்டு நிறுவனம் பதறிப்போய் நீக்கியது. உளவுத் துறைகள் கோடி கொடுத்து வாங்க நினைப்பதை, ‘நீ சொல்வது தவறு’ என்ற ஒரே வரி இலவசமாக வாங்கிக்கொடுத்துவிட்டது.

நல்ல ஆட்களாகச் சோதித்து எடுத்தால் போதாதா? இங்கே கணக்கு குறுக்கே நிற்கிறது. ஓர் ஆண்டில் கசியவிடக்கூடியவர் பத்தாயிரத்தில் ஒருவர்தான் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஓர் ஆவணம் 100 பேருக்குத் தெரிந்தால் அவ்வாண்டில் அது கசியும் வாய்ப்பு 1 சதவீதம். 1,000 பேர் என்றால் சுமார் 10 சதவீதம். 10,000 பேர் என்றால் 63 சதவீதம். ஒவ்வொருவரும் ஏறக்குறைய உத்தமராக இருந்தும், கூட்டமாகச் சேர்ந்தால் பானை ஓட்டையாகிவிடுகிறது. அந்த ஒருவரை முன்கூட்டியே பிடிக்க, நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லும் சோதனை ஒன்று இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அப்படி ஒன்று எங்கும் கிடையாது. இருந்தாலும், பத்தாயிரம் பேரைச் சோதித்தால் உண்மையான ஆளோடு நிரபராதிகள் நூறு பேரும் சிக்குவார்கள். யாரை விடுவது, யாரைப் பிடிப்பது? 2001 தாக்குதலுக்குப் பிறகு, தகவலைத் துறைகள் தமக்குள் பூட்டிவைத்ததே தவறு என்று அமெரிக்கா கதவுகளை அகலத் திறந்தது. அதில் நியாயம் இருந்தது. மேனிங் நுழைந்ததும் அந்தக் கதவு வழியாகத்தான்.

பூட்டு வலுவாக இருந்தும் வீடு பறிபோன கதை எங்கள் ஊரிலேயே உண்டு. 1988 முதல், நிறவெறி அரசை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் ‘வூலா’ இரகசிய அமைப்பு டர்பனுக்கும் லண்டனுக்கும் இடையே மறையீட்டுச் செய்திகள் அனுப்பிவந்தது. டிம் ஜென்கின் வடிவமைத்த முறை அது. ஒருமுறை பயன்படுத்தியதும் அழிந்துவிடும் சாவி எண்களை வட்டுகளில் நிரப்பி, விமானப் பணிப்பெண் ஒருவர் கொண்டுவந்து சேர்த்தார். செய்தியை ஒலியாக மாற்றிப் பதிவுசெய்து, பொதுத் தொலைபேசியில் ஓடவிடுவார்கள். அந்த மறையீட்டைக் காவல்துறை உடைக்கவில்லை. 1990 ஜூலையில் டர்பனில் இருவர் பிடிபட்டனர், பின்னர் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து மறைவிடங்களில் நடந்த சோதனையில், மறையீடு நீக்கிய நிலையிலேயே சேமித்துவைத்திருந்த கோப்புகள் அகப்பட்டன. படித்ததும் அழிக்க வேண்டும் என்பது விதி. உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கே அது அலுத்துப்போயிருக்கிறது என்றால், சம்பளத்துக்கு வந்தவர்களை என்ன சொல்வது?

விதிப்படி அழிப்பது எப்போதும் நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள். 1993இல், ஆட்சி மாறப்போகிறது என்று தெரிந்ததும், நிறவெறி அரசின் தேசிய உளவுத் துறை தன் தலைமையகத்திலிருந்து மட்டும் சுமார் 44 டன் ஆவணங்களை ஒழித்தது என்று, நிறவெறிக் காலக் கொடுமைகளைப் பின்னர் விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் பதிவுசெய்திருக்கிறது. இரும்பு உருக்கும் உலையில் போட்டார்கள். மூட்டை தூக்கியவர்களில் ஒருவராவது ஒரு கட்டுத் தாளை உருவிக்கொண்டு போயிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆதங்கம் உண்டு. மாமாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை.

இவ்வளவுக்கும், முத்திரையே விழாத தாள்கள் பேசுவதை எந்தப் பெட்டகமும் தடுக்காது. துறைமுக ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். போர்க்கப்பல் புறப்படும் நாள் இரகசியம். அதற்கு உருளைக்கிழங்கும் வெங்காயமும் ஏற்றிவிடும் கடைக்காரருக்கு இரண்டு நாள் முன்பே தெரியும். 2018 ஜனவரியில், உடற்பயிற்சிக்காக ஓடுபவர்களின் தடங்களைத் தொகுத்து ‘ஸ்ட்ராவா’ நிறுவனம் வெளியிட்டிருந்த உலக வரைபடத்தை ஓர் ஆஸ்திரேலிய மாணவர் உற்றுப் பார்த்தார். பாலைவன இருட்டில் சின்னச் சின்ன ஒளி வளையங்கள்: சிப்பாய்கள் காலையில் சுற்றி ஓடிய முகாம் மதில்கள். ஒரு தாளும் திருடுபோகவில்லை.

இரண்டாம் உலகப் போரில் படைக் கப்பல்களின் போக்குவரத்து கடும் இரகசியம். அந்நாட்களில் டர்பன் துறைமுக வாயிலில் பெர்லா கிப்சன் என்ற பாடகி, வெள்ளை உடையும் சிவப்புத் தொப்பியுமாக, கையில் ஒலிபெருக்கிக் குழலோடு நிற்பார். வருகிற ஒவ்வொரு படைக் கப்பலுக்கும், போகிற ஒவ்வொன்றுக்கும் பாடினார். அவருக்கு ஊரில் சிலை வைத்திருக்கிறோம்.