பிறந்த குகையை விடாத வௌவால், ஊர் சுற்றும் மரபணு

மரபணுவை ஆராய்கிறவர்கள் குகை வாசலில் வலை கட்டி வௌவாலைப் பிடித்து, இறக்கையை மெல்ல விரித்து, அந்தச் சவ்வில் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு வட்டமாக ஒரு துணுக்கை எடுப்பார்கள், காகிதத்தில் துளை போடுகிற மாதிரி. ஓட்டை சில வாரங்களில் மூடிக்கொள்ளும். அந்தத் துணுக்குக்குள் இரண்டு விதமான டிஎன்ஏ இருக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது தாய்வழியாக மட்டுமே வருவது, உட்கருவில் இருப்பது தாயும் தந்தையும் சேர்ந்து கொடுத்தது. குகை வௌவால்களில் இந்த இரண்டும் பல நேரம் ஒத்துப்போவதில்லை.

போர்ச்சுகலில் மினியோப்டெரஸ் என்ற குகை வௌவாலை இப்படி ஆராய்ந்தார்கள். தாய்வழி டிஎன்ஏ குகைக்குக் குகை தெளிவாக வேறுபட்டது, உட்கரு டிஎன்ஏவிலோ அந்த வேறுபாடு மங்கலாகத்தான் தெரிந்தது. பெண் வௌவால் வருஷத்தில் எத்தனை குகை மாறித் தங்கினாலும் குட்டி போட மட்டும் தான் பிறந்த குகைக்கே திரும்பிவிடும், அதனால் தாய்வழி கலப்பதில்லை.

சரி, உட்கரு டிஎன்ஏ எப்படிக் கலக்கிறது?

இணை சேர்வது வேறு இடத்தில், வேறு பருவத்தில். குளிர்பிரதேச வௌவால்கள் பலவும் இலையுதிர்காலத்தில் ராத்திரி வேளைகளில் சில குறிப்பிட்ட குகைகளின் வாசலில் கூடுகின்றன, கோடையில் ஒன்றையொன்று பார்த்தே இராத கூட்டங்கள் எல்லாம் அங்கே வந்து ஒன்றையொன்று துரத்திச் சுற்றிப் பறந்து, இணை சேர்ந்து, விடிவதற்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும். இப்படிக் கூடும் இனங்கள் பலவற்றில் பெண் அந்த விந்தணுக்களைக் குளிர்காலம் முழுக்க உடம்பிலேயே வைத்திருந்து வசந்தத்தில்தான் கருத்தரிக்கும் (எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்). அப்புறம் பழைய இடத்திலேயே குட்டி. குடும்பம் இடம் மாறவில்லை, மரபணு மட்டும் இடம் மாறிவிட்டது.

தூரத்தை வைத்தும் எதுவும் சொல்லிவிட முடியாது. டெக்சாஸின் பிராக்கன் குகையில் கோடையில் ஒன்றரைக் கோடிக்கு மேல் கூடும் வௌவால்கள் மெக்சிகோ வரை 1000 கிலோமீட்டருக்கு மேலும் போய்வரும் இனம், அதில் இடத்துக்கு இடம் மரபணு வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் இரை தேடி ஒரே ராத்திரியில் 20 கிலோமீட்டர் கூடப் போகக்கூடிய எலிக்காது வௌவாலுக்கு 14 கிலோமீட்டர் ஜிப்ரால்டர் நீரிணை பெரிய சுவர். இரு கரையிலும் மரபணு அவ்வளவு வேறுபட்டதால் ஆப்பிரிக்கப் பக்கத்தைத் தனி இனமாகவே பிரித்துவிட்டார்கள்.

அந்த இலையுதிர்காலக் குகைக்குப் பகலில் போய் எண்ணினால் பெரும்பாலும் நாலைந்துதான் இருக்கும். ஆளில்லாத குகை என்று வாசலை அடைத்துவிட்டால், சுற்றுவட்டாரக் கூட்டங்கள் உடனே குறைந்துவிடாது, ஏனென்றால் வௌவால் இருபது முப்பது வருஷம் கூட வாழக்கூடியது. கலப்பு நின்று மரபணு ஒரே தாய்வழிக்குள் சுருங்கிக்கொண்டே போவது, அடுத்த துணுக்கை எடுத்துப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.