ஈரலைத் தடவிப் பார்த்தால் நாயைத் தெரியும்

கட்டி இருக்கிற ஆட்டு ஈரலைத் தின்றால் நமக்கும் அந்தக் கட்டி வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. நமக்கு அது நாயிடமிருந்துதான் வருகிறது.

எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு நாயின் சிறுகுடலில் வாழ்கிறது. 7 மில்லிமீட்டரைத் தாண்டுவதே அரிது. அதன் முட்டைகள் மலத்தோடு புல்லில் விழும், மேய்கிற ஆட்டின் வயிற்றுக்குள் போகும், அங்கே பொரித்த இளம்புழு குடலைத் துளைத்து ரத்தத்தில் ஏறி ஈரலிலோ நுரையீரலிலோ தங்கி நீர்க்கட்டியாக வளரும். கட்டிக்குள் மணல் போலப் படிந்திருக்கிற ஒவ்வொரு துகளும் ஒரு புழுத்தலை. அந்த ஈரலை நாய்க்குப் பச்சையாகப் போட்டால் அத்தனையும் புழுவாக முடியும். அப்புறம் அந்த நாயைத் தடவிய கையோடு ஒரு குழந்தை சாப்பிட்டால், வருடக்கணக்கில் வெளியே தெரியாமல் குழந்தையின் ஈரலில் கட்டி வளரும்.

நியூசிலாந்து 1959-இல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டது. நாய்க்குப் பச்சை ஈரல், நுரையீரல் போடக் கூடாது என்று தடுத்தார்கள், நாய்களுக்கு மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். 2002-இல்தான் நோய் போய்விட்டது என்று தற்காலிகமாகவாவது அறிவிக்க முடிந்தது.

சரி, போய்விட்டது என்று எப்படித் தெரியும்? அறுத்த ஆட்டை வைத்துத்தான். இறைச்சிக்கூடத்தில் ஆய்வாளர் ஈரலையும் நுரையீரலையும் கண்ணால் பார்ப்பதோடு விரலால் அழுத்தித் தடவுகிறார், ஏனென்றால் ஆழத்தில் புதைந்த கட்டி மேலே தெரியாது. குழப்பங்களும் உண்டு. குடலை மூடியிருக்கும் கொழுப்புச் சவ்வில் தண்ணீர்ப் பை போல ஒன்று தொங்கும். அது வேறொரு நாடாப்புழுவின் பை, உள்ளே ஒரே ஒரு தலைதான் இருக்கும். சுண்ணாம்பு பூத்துக் கெட்டியான பழைய கட்டியைக் கையால் தடவி எதுவும் சொல்ல முடியாது, ஆய்வகத்துக்கு அனுப்பி மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றினால் இந்தக் கட்டியின் அடுக்கடுக்கான சுவர் கருஞ்சிவப்பாகத் தெரியும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஆட்டின் வயது. கிழட்டு ஆட்டில் இருக்கிற கட்டி, என்றைக்கோ ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். ஒரு வயதுகூட ஆகாத குட்டியில் இருந்தால், இந்த வருடம் அந்தப் பண்ணையில் ஏதோ ஒரு நாய் புழுமுட்டைகளைப் பரப்பிக்கொண்டு திரிகிறது என்று அர்த்தம். ஆனால் குட்டியில் கட்டி பட்டாணி அளவுகூட இருக்காது, கண்ணில் தப்பிவிடும், அதனால் குட்டி, கிழடு இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும். கட்டி உறுதியானால் ஆடு எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று தேடிப் போய் அங்குள்ள நாய்களுக்கு மருந்து கொடுக்க வேண்டும்.

என் கவலையெல்லாம் பண்ணையிலேயே வீட்டுத் தேவைக்கு அறுக்கிற கிழட்டு ஆடுகளைப் பற்றித்தான். முதிர்ந்த கட்டி இருக்க வாய்ப்பு அதிகமுள்ளது அவற்றில்தான்; ஆனால் அங்கே ஈரலைத் தடவிப் பார்க்க ஆய்வாளர் கிடையாது, பக்கத்தில் நாய் மட்டும் நிற்கும்.