நாற்பதை நெருங்கும்போது சட்டம் படித்து நீதிபதி ஆகலாமா? ராஜினாமாவுக்கு முன் போட வேண்டிய கணக்கு

பத்துப் பதினைந்து வருடம் வேறு வேலை பார்த்துவிட்டு, "இனிமேல் சட்டம் படித்தால் நீதிபதி ஆக முடியுமா சார்?" என்று என் அலுவலகத்துக்கு வந்து கேட்பவர்கள் இப்போது நிறையப் பேர். வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியை, ஸ்டாஃப் நர்ஸ், வருவாய்த் துறையில் விருப்ப ஓய்வு வாங்கியவர் என்று பலரும் வருகிறார்கள். "சட்டம் படிக்க வயது வரம்பே கிடையாது" என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அது சரிதான். ஆனால் நீதிபதி பதவிக்கு வயது வரம்பு உண்டு. அதை விசாரிக்காமல் நல்ல வேலையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் படிப்பு. மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு 30 வயதுதான் வரம்பு என்று, வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் வைத்த விதியை உச்ச நீதிமன்றம் 2017இல் நிறுத்தி வைத்தது. 45 வயதைத் தாண்டியவர்கள் வழக்கறிஞராகப் பதிவு செய்யக் கூடாது என்ற விதியும் 1995இலேயே ரத்தாகிவிட்டது. ஆகவே 50 வயதிலும் கறுப்பு கோட்டு போடலாம்.

நீதிபதி தேர்வுக்கு வேறு கணக்கு. தமிழ்நாட்டில் சிவில் நீதிபதி பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. 2023இல் வெளியிட்ட அறிவிப்பில், வழக்கறிஞர்களுக்கு உச்ச வயது 37, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 42. இதோடு உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தந்த தீர்ப்பையும் சேர்த்துப் பாருங்கள். இனிவரும் தேர்வுகளுக்கு, குறைந்தது மூன்று ஆண்டு வழக்கறிஞர் தொழில் செய்தவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். பார் கவுன்சிலில் வழக்கறிஞராகத் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்து அந்த மூன்று ஆண்டு எண்ணப்படும். படிப்பு மூன்று, தொழில் மூன்று, ஆக ஆறு ஆண்டு. 42ஐ வரம்பாகக் கொண்டவர் 36 வயதுக்குள்ளும், 37ஐ வரம்பாகக் கொண்டவர் 31 வயதுக்குள்ளும் கல்லூரியில் சேர்ந்திருக்க வேண்டும்.

இது கூட காகிதக் கணக்குதான். அறிவிப்பு வருடா வருடம் வருவதில்லை. 2019க்குப் பிறகு அடுத்த அறிவிப்பு 2023இல்தான் வந்தது. அந்த இடைவெளியில் வயது வரம்பைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று யோசியுங்கள். அதனால் 34, 35 வயதில் என்னிடம் வருபவர்களுக்கு, "ஒரே ஒரு வாய்ப்புதான் கிடைக்கும், அதுவும் கிடைக்காமல் போகலாம் என்று நினைத்து முடிவெடுங்கள்" என்கிறேன்.

அடுத்த வாசல், நேரடி மாவட்ட நீதிபதி நியமனம். இதற்கு அரசியலமைப்பின் 233ஆவது பிரிவு ஏழு ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் கேட்கிறது. வயது பொதுவாக 35 முதல் 45 வரை. பட்டியல் வகுப்பினருக்குச் சற்றுத் தளர்வு உண்டு. படிப்பு மூன்று, தொழில் ஏழு என்றால் பத்து ஆண்டு. 35 வயதில் சட்டக் கல்லூரிக்குப் போனவருக்கே இது விளிம்பு. 40இல் போனவருக்கு அந்த வாசல் அடைபட்டுவிட்டது என்பதை இப்போதே சொல்லிவிடுவதுதான் நேர்மை. தேர்வும் லேசானது அல்ல. 2019இல் தமிழ்நாட்டில் நடந்த மாவட்ட நீதிபதி முதல்நிலைத் தேர்வில் பதவியில் இருந்த நீதித்துறை அலுவலர்களும் எழுதினார்கள். ஒருவர்கூடத் தேறவில்லை.

உயர் நீதிமன்ற நீதிபதிக்குப் பத்து ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் போதும், அரசியலமைப்பில் உச்ச வயதும் இல்லை. ஆனால் 62இல் ஓய்வு. நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம் பரிந்துரைக்கும் அளவுக்குப் பெயர் எடுக்கவே பலருக்கு இருபது ஆண்டு போய்விடுகிறது. இதை நம்பி யாரும் திட்டம் போட வேண்டாம்.

அனுபவத்தை எண்ணும் இடத்தில்தான் பலர் இடறுகிறார்கள். வங்கியிலோ கம்பெனியிலோ சட்டப் பிரிவில் மாதச் சம்பளத்துக்கு இருந்த ஆண்டுகளை வழக்கறிஞர் தொழிலாகக் காட்ட முடியாது. முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யவே பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. சனதை (வழக்கறிஞர் பதிவுச் சான்றை) வாங்கி பீரோவில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்பவர்களுக்கு அந்த ஆண்டுகள் உதவாது, சிக்கலைத்தான் கொண்டுவரும். "பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், வருகைப்பதிவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் வெளி மாநிலக் கல்லூரிகளிலும் சேராதீர்கள். 70 சதவீத வருகை கட்டாயம் என்பது பார் கவுன்சிலின் விதி. வேலையில் இருந்துகொண்டே வேறு மாநிலத்தில் தினமும் வகுப்புக்குப் போனதாகக் காட்டும் பட்டம், பதிவின்போதே கேள்விக்குள்ளாகும்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். பதிவுக் கட்டணம் 750 ரூபாய்க்கு மேல் கூடாது, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125க்கு மேல் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரிய செலவு அதற்குப் பிறகுதான். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் கூறியது. மாவட்ட நீதிமன்றங்களில் நிலவரம் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. முதல் இரண்டு வருடம் வாய்தா வாங்குவதும், வழக்குக் கட்டு தூக்குவதும், சீனியருக்குப் பின்னால் நிற்பதும்தான் வேலை. உங்களைவிடப் பத்து வயது இளையவர் சீனியராக இருக்கலாம். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் உள்ளவர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து இதைப் பேசுங்கள்.

இவ்வளவும் சொன்னது பயமுறுத்துவதற்காக இல்லை. நடுவயதில் வருபவர்களிடம் இருப்பது நேராகக் கல்லூரியிலிருந்து வருபவர்களுக்குக் கிடைக்காதது. தாலுகா அலுவலகத்தில் இருந்தவர் பட்டா, அடங்கல், வில்லங்கச் சான்றைப் படிக்கிற வேகத்தில் சொத்து வழக்கின் பாதி தெரிந்துவிடும். நர்ஸாக இருந்த ஒருவர் விபத்து இழப்பீட்டு வழக்கில் டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்யும்போது, கேஸ் ஷீட்டில் எந்த வரியைப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இவர்கள் நல்ல வழக்கறிஞர்களாக வருகிறார்கள். அந்தத் தொழிலே போதும் என்று நினைப்பவர்கள் தாராளமாக வரட்டும்.

தீர்ப்பு சொல்லும் இடத்தில் உட்கார வேண்டும் என்ற ஆசை உண்மையானது என்றால், பலருக்கும் தெரியாத வேறு இடங்களும் இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணைய உறுப்பினருக்குக் குறைந்தபட்ச வயதே 35. ஏதேனும் ஒரு பட்டமும், சட்டம், நிதி, நிர்வாகம், மருத்துவம் போன்ற துறைகளில் பத்து ஆண்டு அனுபவமும் இருந்தால் தகுதி உண்டு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டப் பட்டம் இல்லாதவரும் போகலாம் என்பதைக் கவனியுங்கள். சிறார் மீதான குற்ற வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் மாஜிஸ்ட்ரேட்டோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உறுப்பினர்களாக அமர்கிறார்கள். குழந்தைகள் சார்ந்த உடல்நலம், கல்வி, நலப்பணிகளில் ஏழு ஆண்டு ஈடுபட்டிருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். இருபது வருடம் பள்ளியில் இருந்த ஓர் ஆசிரியை அங்கே உட்கார்ந்தால், எதிரே நிற்கும் பதினாறு வயதுப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

ராஜினாமா எழுதும் முன், ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு உங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டில் போய் உட்காருங்கள். திறந்த நீதிமன்றம்தான், பின் பெஞ்சில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். காலையில் வழக்குகள் வரிசையாகக் கூப்பிடப்படுவதையும், மாலை வரை சாட்சி சொல்வதை நீதிபதி பதிவு செய்வதையும் முழுதாகப் பாருங்கள். அப்புறம் டி.என்.பி.எஸ்.சி.யின் கடைசி அறிவிப்பை எடுத்து, உங்கள் பிறந்த தேதியைப் பக்கத்தில் எழுதிக் கணக்குப் போடுங்கள்.