பனி நின்ன மறுநாள்தான் எனக்கு பயமே

குமுளில இருந்து வருஷா வருஷம் குளிர் சீசன்ல ஒரு பேட்ச் கூட்டிட்டு மணாலிக்கு மேல பனில நடக்க போறேன், கம்பம், கூடலூர், வண்டிப்பெரியார் பசங்கதான் அதிகம், மலையிலயே பொறந்து வளர்ந்தவங்க, அதனாலயே ஒரு தைரியம், "அண்ணே நாங்க பாக்காத மலையா"ன்னு. மலை பாத்திருக்க தம்பி, பனி மொத்தமா சரிஞ்சு வர்ற பனிச்சரிவ பாத்திருக்கியா?

நம்ம பக்கம் உருள்பொட்டல், அதான் மழைல மண்ணு சரியறது, எல்லாருக்கும் தெரியும். 2020 ஆகஸ்ட்ல மூணாறு பக்கம் பெட்டிமுடில தோட்டத் தொழிலாளிங்க இருந்த லயத்தையே மூடுச்சு. ஆனா மழை விட்டா நம்ம ஆளுங்க அப்பாடானு மூச்சு விடுவாங்க, அதே பழக்கத்தோட அங்க வந்துடுறாங்க. ரெண்டு நாள் பனி கொட்டி, காத்தும் அடிச்சு, மூணாம் நாள் வானம் நீலமா பளிச்சுனு இருக்கும், போட்டோ எடுக்க சூப்பரா இருக்கும், அன்னைக்குதான் ஜாக்கிரதை. புதுப்பனி கீழ இருக்கறதோட இன்னும் ஒட்டிருக்காது, காத்து வேற ஒரு பக்கத்து பனிய அள்ளி முகட்டுக்கு அந்தாண்ட குவிச்சு வச்சிருக்கும்.

கிளம்புறதுக்கு முன்ன டீக்கடையில ஒரு எவர்சில்வர் தட்டுல ரவைய பரப்பி, மேல ஒரு நோட்டுப் புத்தகத்தை வச்சு மெதுவா சாய்ச்சு காட்டுவேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் ஆகாது, அப்புறம் நோட்டு மொத்தமா சறுக்கும். பனிக்குள்ளயும் ரவை மாதிரி பிடிப்பில்லாத ஒரு அடுக்கு ஒளிஞ்சிருக்கும். சத்தம் போட்டா சரியும்னு சினிமாலதான், நிஜத்துல மாட்டுறவங்க பெரும்பாலும் அவங்க காலாலயோ கூட வந்தவன் காலாலயோதான் கிளப்பி விடுறாங்க. 30ல இருந்து 45 டிகிரி சரிவுலதான் அதிகம் நடக்கும், போன்லயே ஆப் வச்சு தூரத்துல நின்னு அளந்துடலாம். நீங்க நிக்கறது சமதளம்னாலும் தலைக்கு மேல அப்படி ஒரு சரிவு இருந்தா அங்க டென்ட் போடாதீங்க. கடந்தே ஆகணும்னா ஒவ்வொருத்தரா, மத்தவங்க பத்திரமான இடத்துல நின்னு பாத்துட்டே இருக்கணும்.

ஆளுக்கு ஒரு டிரான்ஸ்சீவர் (புதைஞ்சவன் எங்க இருக்கான்னு சிக்னல் வச்சு கண்டுபிடிக்கற கருவி), பனிக்குள்ள குத்தி தேட ஒரு புரோப் கம்பி, ஒரு மண்வெட்டி, மூணும் வேணும், ஒண்ணு குறைஞ்சாலும் வேஸ்ட். புதைஞ்சவன முதல் 10, 15 நிமிஷத்துல தோண்டி எடுத்தா பெரும்பாலும் பொழைச்சுக்குவான், அரைமணி தாண்டுனா அனேகமா மூச்சு முட்டியே போயிடுவான், அதனால ஹெலிகாப்டர நம்பாதீங்க, பக்கத்துல நிக்கறவன்தான் ஹெலிகாப்டர். 2016 பிப்ரவரில சியாச்சின்ல மெட்ராஸ் ரெஜிமெண்ட் ராணுவக்காரங்க 10 பேர் பனிச்சரிவுல செத்துப் போனாங்க, அதுல ஒருத்தர் எங்க தேனி மாவட்டம். பயிற்சி இருக்கவங்களுக்கே இந்த கதி. வழுக்காம இருக்க ஷூக்கு அடில முள்ளு மட்டும் மாட்டி விட்டு "சேஃப்டி எல்லாம் பக்கா"ன்னு சொல்றவங்கள கண்டா எனக்கு பத்திட்டு வரும்.

ஒரு தடவை இப்படித்தான், பனி நின்ன காலை, வெயில் சுள்ளுனு. லோக்கல் கைடு முகம் சுளிச்சாரு, பசங்களுக்கு ரயில் டிக்கெட் நாளைக்கு. சரின்னு பெரிய சரிவுக்கு முன்னாடி சமதளத்துல நாலு அடி வச்சேன், காலுக்கு அடில "தொம்"னு ஒரு சத்தம், அப்படியே பனில ஒரு விரிசல் கோடு ஓடுச்சு. உள்ள அந்த பிடிப்பில்லாத அடுக்கு உடையுற சத்தம் அது. திரும்புடானு சொல்லிட்டேன்.

அந்த சரிவு அன்னைக்கும் சரியல, மறுநாளும் சரியல. பசங்க இப்பவும் குமுளி பஸ் ஸ்டாண்ட்ல பாத்தா "தொம் அண்ணே"ன்னுதான் கூப்புடுறானுங்க, கூப்புட்டா கூப்புட்டு போறானுங்க.